பக்கத்து வீட்டுப் பெரியவரும் வியட்நாம் ஹெலிகாப்டர் கம்பெனியும்

டெக்சாஸில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், வியட்நாம் போரில் ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியில் க்ரூ சீஃபாக, அதாவது ஹெலிகாப்டரைப் பராமரித்துக் கூடவே பறக்கும் மெக்கானிக்காக இருந்தேன் என்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்ன ஆறு விஷயங்களை எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வயதுப் பையன்கள் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். அவரே பகலில் பறந்து, இரவில் அதே ஹெலிகாப்டரைப் பழுது பார்த்தார். பாரம் தாங்காமல் ஹெலிகாப்டர் எழும்பாதபோது மெஷின் கன் பிடிக்கும் கன்னர் கூடவே ஓடி, கடைசியில் தாவி ஏறினார். எதிரி கலர் புகை போட்டு ஏமாற்றினான். அவர் மூன்று முறை சுட்டு வீழ்த்தப்பட்டார். கதவருகே உட்காரும் கன்னரின் ஆயுள் ஐந்து நிமிடம். "இதெல்லாம் நிஜமா, வயதானவர் கதை விடுகிறாரா?" என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்க்கிறார். இவரிடம் மேற்கொண்டு கேட்கலாமா?" எனக்கென்னவோ அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. முதலில் மற்றதைப் பார்ப்போம்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் பயிற்சி எடுத்து, இந்திய விமானப்படையில் இருபது வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடலைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். எல்லாம் ஹெலிகாப்டர்தான்: முதலில் சேட்டக், அப்புறம் எம்.ஐ-8, எம்.ஐ-17. வெளியே வந்தபிறகு, கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு நிறுவனத்தில் பெல் 212 ஹெலிகாப்டரைப் பராமரித்தேன். வியட்நாமில் பறந்த ஹியூயி என்ற அமெரிக்க ஹெலிகாப்டருக்கு இது கூடப்பிறந்த தம்பி மாதிரி. அண்ணனுக்கு எஞ்சின் ஒன்று, தம்பிக்கு இரண்டு. எங்களுக்கு வகுப்பெடுக்க வந்த அமெரிக்கர் ஒருவர் வியட்நாமில் ஹியூயி மெக்கானிக்காக இருந்தவர். சாயங்கால டீக்கு அப்புறம் அவர் பேசியதும், அந்த ஆர்வத்தில் நான் தேடிப் படித்ததும்தான் என் வியட்நாம் அறிவு. நானே பார்த்த போர்க்காலம் 1999 கார்கில் மட்டும், அதுவும் தரையில் நின்றபடி. என்னை யாரும் சுட்டதில்லை. ஆகவே இயந்திரத்தைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சண்டையைப் பற்றிச் சொல்வதைக் கேள்விப்பட்டவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

'கம்பெனி' என்றதும் நம்மவர்களுக்கு ஆபீஸ் ஞாபகம் வரும். நம் நாட்டில் ஹெலிகாப்டர் என்றாலே ரொம்ப நாள் விமானப்படைதான், அதனால் 'ஹெலிகாப்டர் யூனிட்' என்போம். நம் தரைப்படைக்கென்று தனி வான்பிரிவு வந்ததே 1986 நவம்பரில். அமெரிக்காவில் தரைப்படையே ஹெலிகாப்டர்களை வைத்திருந்ததால், காலாட்படை கணக்கிலேயே பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் என்று பிரித்தார்கள். ஒரு மேஜர் தலைமையில் இருநூறு முந்நூறு பேர், இருபதுக்கு மேல் ஹெலிகாப்டர்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் பிளட்டூன் இரண்டு, ராக்கெட்டும் மெஷின் கன்னும் கட்டிக்கொண்டு துணைக்குப் போகும் பிளட்டூன் ஒன்று. ஆள் ஏற்றும் ஹியூயிக்கு 'ஸ்லிக்' என்று பெயர், வெளியே ஆயுதம் எதுவும் துருத்திக்கொண்டு நிற்காததால். முதல் இரண்டு கம்பெனிகள் 1961 டிசம்பரில் கப்பலில் சைகோன் வந்து இறங்கின. அப்போது அவர்களிடம் இருந்தது ஹியூயி இல்லை, வாழைப்பழம் போல் வளைந்த எச்-21. ஹெலிகாப்டரையே நம்பி அமைத்த ஒரு முழு டிவிஷன் 1965-இல் வந்த பிறகுதான் ஹியூயி கம்பெனிகள் பெருகின.

பத்தொன்பது வயது பைலட் என்பதைச் சந்தேகப்பட வேண்டாம், அது உறுதி. அவர்களுக்குப் பைலட் பற்றாக்குறை. கல்லூரிப் பட்டம் கேட்கவில்லை. பள்ளிப்படிப்பு முடித்த பையன் தேர்வில் தேறினால் டெக்சாஸில் ஃபோர்ட் வோல்டர்ஸ், பிறகு அலபாமாவில் ஃபோர்ட் ரக்கர் என்று ஒரு வருடத்துக்குள் பயிற்சி முடித்து, வாரண்ட் ஆபீசராக வியட்நாம் போய்விடுவான். நம் விமானப்படையில் வாரண்ட் ஆபீசர் என்றால் இருபது இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த, நரைத்த தலை மனுஷன். அந்த அமெரிக்கர் பத்தொன்பது வயது வாரண்ட் ஆபீசர் என்றபோது எங்கள் கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நானும் அவனும் ஒரே வயது. அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார்.

இரண்டாவது, பகலில் பறந்து இரவில் பழுது பார்த்தது. இதுவும் உண்மை, பெரியவர் சொன்ன ஆறில் எனக்கு மிகவும் நெருக்கமானதும் இதுதான். ஹியூயியில் நான்கு பேர். முன்னால் இரண்டு பைலட், பின்னால் திறந்த கதவுகளில் ஆளுக்கொரு எம்-60 மெஷின் கன்னோடு இரண்டு பேர். பெரும்பாலான கம்பெனிகளில் இடப்பக்கம் க்ரூ சீஃப், வலப்பக்கம் கன்னர். பைலட் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். க்ரூ சீஃப் மாறமாட்டார். அந்த ஹெலிகாப்டர் அவர் பொறுப்பு, அவர் பெயரை அதிலே எழுதியிருப்பார்கள். பைலட் இரவல் வாங்கிப்போவது மாதிரிதான். விடிவதற்கு முன்னால் டார்ச்சோடு கூரை மேல் ஏறி, தலைமேல் சுழலும் ரோட்டரை, அதைத் தாங்கும் தண்டான மாஸ்ட்டின் உச்சியில் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை நட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு 'ஜீசஸ் நட்' என்று பெயர், அது கழன்றால் அப்புறம் கர்த்தரைத்தான் கூப்பிட வேண்டும் என்பதால். பிறகு வாலில் இருக்கும் இரண்டு கியர்பாக்ஸிலும் எண்ணெய் மட்டத்தைக் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்க வேண்டும். 25 மணி நேரம் பறந்தால் ஒரு சோதனை, 100 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட பிரித்துப்போட்டு ஒரு சோதனை. சண்டை மும்முரமான மாதத்தில் ஒரு ஹியூயி 100 மணி நேரம் சாதாரணமாகப் பறந்துவிடும். அப்படியானால் வாரத்துக்கு ஒரு சிறு சோதனை, மாதத்துக்கு ஒரு பெரிய சோதனை. பகலில் அது வானத்தில் இருக்கிறது. அப்போது இதையெல்லாம் எப்போது செய்வது? இரவில்தான்.

இதற்கு மேல் அந்த ஊர் மண். வியட்நாமின் மேட்டுநிலச் செம்மண் பொடி, ஹெலிகாப்டர் இறங்கும் ஒவ்வொரு தடவையும் சுருளாக எழும்பி எஞ்சினுக்குள் போகும், ரோட்டர் பிளேடின் முன்விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் அரிக்கும். மழைக்காலத்தில் அதே மண் சேறாகி எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். வெளிச்சம் போட்டு வேலை செய்தால் மோர்ட்டார் குண்டு வரலாம், போடாவிட்டால் நட்டு தெரியாது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு லாக்கிங் வயர் முறுக்கும்போது அறுந்த முனை கட்டைவிரலில் ஏறும் பாருங்கள், அதை ஒரு தடவை அனுபவித்தவன் மறக்கமாட்டான். நட்டு கழலாமல் இருக்க இரண்டு நட்டுகளை இணைத்து முறுக்கிக் கட்டும் மெல்லிய கம்பி அது. என் இரண்டு கட்டைவிரலிலும் வெள்ளைப் புள்ளிகளாகத் தழும்பு இருக்கிறது. உங்கள் பெரியவர் அடுத்த முறை வேலியில் கை வைத்து நிற்கும்போது பாருங்களேன்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற நான்கு விஷயங்களை நான் எப்படி எடைபோடுகிறேன் என்பது அதில்தான் இருக்கிறது. 1999 மே 28 அன்று கார்கிலில் டோலோலிங் மலைப் பக்கம் ஒரு எம்.ஐ-17 சுட்டு வீழ்த்தப்பட்டு, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். எங்கள் யூனிட் இல்லை, ஆனால் நாங்கள் தினமும் தொட்ட அதே ரகம். அதற்கு ஒரு வாரத்துக்குள் ஓர் இரவு, வால் ரோட்டரில் வேலை முடித்து டூல் எண்ணிப் பார்த்தால் பத்து-பன்னிரண்டு ஸ்பானர் ஒன்று குறைகிறது. ஸ்பானர் கிடைக்காமல் ஃபார்ம் 700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாமல் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. விடிந்தால் சோர்ட்டி, அதாவது பறப்பு, இருக்கிறது. போட்ட பேனல் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றித் தேடினோம். என் நினைவில் அன்றைக்கு நல்ல மழை. கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்க, கியர்பாக்ஸுக்குக் கீழே கைவிட்டு நான்தான் அந்த ஸ்பானரை எடுத்தேன். உலோகத்தின் சில்லிப்பு இன்னும் விரலில் இருக்கிறது. இருபது வருடமாக இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னோடு இருந்த நாகர்கோவில்காரன் ஒருவன் இருக்கிறான். அவனும் இருபது வருடமாக இதே கதையைச் சொல்கிறான், அதே மழை, அதே சில்லிப்போடு. ஒரே வித்தியாசம், ஸ்பானரை எடுத்தது அவன்.

ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது இருவரும் சண்டையே போட்டுக்கொண்டோம். என் மனைவி ஒன்றும் பேசாமல், வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, அந்த நாட்களில் நான் போட்ட இன்லேண்ட் லெட்டரை எடுத்து நீட்டினாள். என் கையெழுத்தில் இருக்கிறது: "நேற்று ராத்திரி ஒரு ஸ்பானர் காணாமல் போய் உயிரை வாங்கிவிட்டது. கடைசியில் மெஸ்ஸிலிருந்து டீ கொண்டுவந்தவர் ஏணிச் சக்கரத்தடியில் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, தூசி தாங்கவில்லை." மழை எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னால் வடகிழக்கில் மூன்று வருடம் நனைந்துகொண்டே வேலை பார்த்திருக்கிறேன், அங்கிருந்து வந்திருக்க வேண்டும். நானும் அவனும் பொய் சொல்லவில்லை. ஸ்பானர் தொலைந்தது நிஜம். பயந்தது நிஜம். பேனலைக் கழற்றிய வரிசையை இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அதில் ஒரு ஸ்க்ரூ தப்பாது. யார் எடுத்தது, என்றைக்கு, மழையா வெயிலா என்பதெல்லாம்தான் கலைந்துபோயிற்று. கை செய்ததும் காது கேட்டதும் அப்படியே தங்குகிறது. தேதியும் எண்ணிக்கையும், யார் செய்தார்கள் என்பதும் நகர்ந்துவிடுகிறது. பெரியவர் சொன்னதை நான் இந்தத் தராசில்தான் நிறுக்கிறேன்.

கன்னர் கூட ஓடித் தாவி ஏறியது: நடக்கக்கூடியது, நடந்தும் இருக்கிறது என்று நம்புகிறேன். ஹெலிகாப்டரைத் தூக்குவது காற்று. காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் லேசாகிவிடும், ரோட்டருக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினும் மூச்சு வாங்கும். மே மாதச் சென்னை மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் பதினோரு பேர் ஏறலாம் என்று இருக்கும் ஹியூயியில் வியட்நாம் வெயிலில் ஏழெட்டு அமெரிக்கச் சிப்பாய்களைத்தான் ஏற்றினார்கள். நம் சியாச்சினில் காரணம் வேறு, உயரம். ஆனால் கணக்கு ஒன்றுதான். அங்கே ஒரு ஜெரிகேன் மண்ணெண்ணெய் கூடுதலா குறைவா என்று பைலட் யோசிப்பார். வியட்நாமில் துணைக்குப் போன பழைய ரக ஹியூயிகள், ராக்கெட்டும் தோட்டாவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து எழும்பத் திணறும். பைலட் அதைத் தரையில் சறுக்கியபடி தள்ளிக்கொண்டு போவார். முன்னோக்கி கொஞ்சம் வேகம் வந்ததும் ரோட்டருக்குக் கலங்காத புதுக் காற்று கிடைத்து, தூக்கும் சக்தி சட்டென்று கூடும். அதுவரை பின்னால் இருக்கும் இரண்டு பேரின் எடை குறைந்தால் அதுவும் லாபம்தானே. அதனால் நாலு எட்டு கூடவே ஓடி ஏறியிருப்பார்கள். தினமும் அப்படித்தான் என்று அவர் சொன்னால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிக் கம்பெனிக்காரர் என்றால், பக்கத்து பிளட்டூனில் பார்த்ததாகவும் இருக்கலாம்.

கலர் புகை விஷயம் சரிதான். தரையில் இருக்கும் படை தான் நிற்கும் இடத்தைக் காட்டப் புகைக்குண்டு போடும். "மஞ்சள் போட்டிருக்கிறேன்" என்று ரேடியோவில் முதலில் சொல்லிவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் எதிரியும் மஞ்சளைப் போட்டு ஹெலிகாப்டரைத் தன் பக்கம் இழுப்பான். அதனால் கலரைச் சொல்லாமல் போடுவார்கள், பைலட் தான் பார்த்த கலரைச் சொல்வார், தரையில் இருப்பவர் ஆம் என்பார். அதன் பிறகே இறங்குவார்கள்.

மூன்று முறை வீழ்த்தப்பட்டது. இங்கே சொல்லில் கவனம் வேண்டும். குண்டு துளைத்தது, குண்டு துளைத்து வழியில் இறக்க வேண்டியதாயிற்று, நொறுங்கியது: இந்த மூன்றுக்கும் வேலிப்பேச்சில் ஒரே வார்த்தைதான். ஹியூயி ஒட்டு மொத்தமாக ஒரு தகர டப்பா, துளை விழுந்தால் துளை விழுந்துவிட்டுப் போகும். எண்ணெய்க் குழாயோ எஞ்சினோ அடிபட்டால்தான் இறங்க வேண்டும். எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாக விழும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பைலட் உடனே பிளேடின் கோணத்தைக் குறைத்துவிட்டால், கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்குக் கிட்டே வந்ததும் கோணத்தை இழுத்து, சேர்ந்திருக்கும் சுழற்சியை ஒரே ஒரு முறை செலவழித்து மெதுவாக உட்காரலாம். ஆட்டோரொட்டேஷன் என்போம். ஹியூயிக்கு இரண்டே பிளேடு, ஆனால் இரண்டும் கனம், சுழற்சி அவ்வளவு சீக்கிரம் செத்துப்போகாது. இந்தக் காரியத்தில் அது மற்ற பல ஹெலிகாப்டர்களை விட நல்ல பிள்ளை. அதனால் மூன்று முறை வயலில் இறங்கி உயிரோடு வந்தேன் என்றால் நான் ஒத்துக்கொள்வேன். மூன்றா இரண்டா என்பதில் மட்டும் என் ஸ்பானர் ஞாபகம் வருகிறது.

ஐந்து நிமிட ஆயுள் மட்டும் சுத்தமான கட்டுக்கதை. அவர் கட்டியது இல்லை, அந்தப் போரிலேயே உலவியது. ரேடியோ தூக்கியவருக்கும் இளம் லெஃப்டினென்ட்டுக்கும் இதே கணக்கைச் சொல்வார்கள். கணக்குப் போட்டாலே உடைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்றால் ஒரு ஹெலிகாப்டருக்கு மணிக்குப் பன்னிரண்டு கன்னர் வேண்டும். ஆனால் அதற்காக அபாயம் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பறந்த பைலட்டுகளின் சங்கம் தொகுத்த கணக்கில், போன ஹெலிகாப்டர்கள் சுமார் 12,000, அழிந்தவை 5,000-க்கு மேல். இறந்த பைலட்டுகள் ஏறத்தாழ 2,200, பின்னால் இருந்தவர்கள் ஏறத்தாழ 2,700. அழிந்தவற்றில் கணிசமான பங்கு எதிரியின் குண்டால் போனது இல்லை. தூசியில் தரை தெரியாமல், மரத்தில் மோதி, ஏதோ ஒரு பாகம் உடைந்து போனவை. இந்தக் கடைசி வகை ஒன்றுதான் என் போன்றவனைத் தூங்கவிடாது. குண்டுக்கு எதிரி பொறுப்பு. உடைந்த பாகத்துக்கு முந்தின இரவு கையெழுத்துப் போட்டவன் பொறுப்பு.

இனி, அவர் சொல்லாமல் விட்டதைப் பற்றி. ஒரு ஹெலிகாப்டர் கம்பெனியின் நாட்களில் பெரும்பகுதி சண்டையே இல்லை. சூடான சாப்பாட்டுப் பாத்திரம், தபால் மூட்டை, தண்ணீர், தோட்டா, லீவில் போகிறவர் என்று காட்டுக்குள் இருக்கும் படைக்கு மளிகைக்கடை வேலை பார்ப்பார்கள். 'ஆஷ் அண்ட் ட்ராஷ்' என்று அதற்குப் பட்டப்பெயர், அதாவது சாம்பலும் குப்பையும். போகும்போது இதெல்லாம், திரும்பும்போது சில நாள் காயம்பட்டவர்கள், சில நாள் தார்ப்பாய் போர்த்தியவர்கள். எங்களுக்கு வகுப்பெடுத்தவர் ஏராளமாகப் பேசுவார், ஒன்றை மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். சாயங்காலம் இறங்கியதும் முதல் வேலை, வாளியில் தண்ணீர் எடுத்துத் தரையைக் கழுவுவது. தரையில் சாமான்களைக் கட்டும் வளையங்கள் பதித்த பள்ளங்கள் இருக்கும், அவற்றில் தேங்கியது தண்ணீர் ஊற்றினால் போகாது, துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் எடுக்க வேண்டும் என்றார். எதைத் துடைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. க்ரூ சீஃப் ஹெலிகாப்டருக்குச் சொந்தக்காரர் என்றேனே, இதுவும் அந்தச் சொந்தத்தில் அடக்கம்.

இந்த மாதிரி விஷயங்கள் வெளியே வர அந்த நாட்டுக்கே காலம் பிடித்தது. 1965 நவம்பர் 14 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கில் குண்டுமழையால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் இறங்க முடியாமல் நின்றபோது, ப்ரூஸ் க்ராண்டல் என்ற கம்பெனி கமாண்டரும் எட் ஃப்ரீமன் என்பவரும் ஆயுதம் கட்டாத ஸ்லிக்கில் திரும்பத் திரும்ப இறங்கித் தோட்டா கொடுத்து, காயம்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். அவர்களுக்கு உயரிய பதக்கம் கிடைத்தது ஃப்ரீமனுக்கு 2001-இல், க்ராண்டலுக்கு 2007-இல். அது சாகசம், சொல்வதற்குச் சங்கடம் இல்லை. இன்னொன்று சங்கடமானது. 1968 மார்ச் 16, மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் குழந்தைகள் உட்பட ஊராரைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். மேலே வேவு பார்க்கும் சின்ன ஹெலிகாப்டரில் ஹ்யூ தாம்ப்சன், க்ரூ சீஃப் க்ளென் ஆண்ட்ரியோட்டா, கன்னர் லாரன்ஸ் கோல்பர்ன். கோல்பர்னுக்கு வயது 18. தாம்ப்சன் கிராமத்தாருக்கும் தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். அவர்கள் இந்த மக்களைச் சுட்டால் அவர்களைத் திருப்பிச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். துணைக்கு வந்த பெரிய ஹெலிகாப்டர்களை இறக்கச் சொல்லி மிச்சமிருந்தவர்களை ஏற்றி அனுப்பினார்கள். பிணங்கள் நிறைந்த வாய்க்காலுக்குள் இறங்கி உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்தது அந்த க்ரூ சீஃப். மூன்று வாரம் கழித்து அவர் வேறொரு பறப்பில் கொல்லப்பட்டார். தாம்ப்சனை ரொம்ப காலம் சொந்தப் படைக்காரர்களே துரோகி மாதிரி பார்த்தார்கள். மூவருக்கும் பதக்கம் 1998-இல், முப்பது வருடம் கழித்து. கதவருகே உட்கார்ந்தவர்கள் கீழே என்னவெல்லாம் பார்த்திருக்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் பெரியவர் பார்த்தாரா, செய்தாரா என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. நீங்களும் ஊகிக்க வேண்டாம். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் உங்கள் நண்பர்கள் யாராவது பீர் டம்ளரோடு அதைக் கேட்கவும் விடாதீர்கள்.

வானத்தைப் பார்ப்பது பற்றி. அது மன வடுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் மருத்துவன் இல்லை. சத்தத்தைக் கேட்டு அவர் நடுங்கினாலோ, ஒளிந்தாலோ, இரவில் தூங்க முடியவில்லை என்றாலோ அது மருத்துவர் பார்க்க வேண்டியது, முன்னாள் படைவீரர்களுக்கு அந்த நாட்டில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. வெறுமனே நிமிர்ந்து பார்க்கிறார் என்றால், நானும்தான் பார்க்கிறேன். பத்து பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மேலே ஹெலிகாப்டர் போனால் என் கை இலையிலேயே நின்றுவிடும். என்ன ரகம், கியர்பாக்ஸ் முனகுகிறதா, பிளேடு சீராக வெட்டுகிறதா என்று காது தானாகப் போய்விடும். ஐந்து பிளேடு எம்.ஐ-17 உறுமிக்கொண்டு போகும். இரண்டு பிளேடு ஹியூயி 'டப், டப், டப்' என்று தனித்தனியாக அறையும், ஆளைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே வருகிறது என்று தெரிந்துவிடும். காட்டில் காயத்தோடு கிடந்தவனுக்கு அந்தச் சத்தம் உயிர். குடிசையில் இருந்த வியட்நாம் விவசாயிக்கு அதே சத்தம் என்னவாக இருந்திருக்கும் என்பது வேறு கதை. இதில் ஒரு வேடிக்கை, இத்தனை நுணுக்கமாகக் கேட்கும் காது மற்றதற்கு உதவாது. மிக்ஸி ஓடினால் என் மனைவி பேசுவது எனக்கு விழாது. உங்கள் பெரியவர் நீங்கள் சொல்வதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போகிறார் என்று ஓரிடத்தில் குறைபட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கேட்டிருக்காது. முகத்துக்கு நேரே நின்று பேசிப் பாருங்கள்.

கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இயந்திரத்தைக் கேளுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், 25 மணிச் சோதனைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், மழைக்காலத்தில் கன்னுக்கு என்ன எண்ணெய் போட்டீர்கள், இரவில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. அவர் க்ரூ சீஃபாக இருந்தாரா என்று உள்ளூரச் சந்தேகம் இருந்தால், இந்தக் கேள்விகளிலேயே பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹியூயி மெக்கானிக்குக்கு அவர்கள் படையில் தொழிற்குறி 67-என், அதைச் சொல்லிப் பார்த்தால் அவர் முகமே பதில் சொல்லும். வருடம் 1971 தொடக்கம், இடம் கே சான் பக்கம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து பக்கத்து நாடான லாவோஸுக்குள் போன படையெடுப்பில் இரண்டு மாதத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அதை அவராகச் சொன்னால் கேட்கலாம், தூண்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், அவருடைய ஹெலிகாப்டரின் வால் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைக் கேளுங்கள். மனைவியின் பிறந்தநாளை மறப்பார், அதை மறந்திருக்கமாட்டார். என்னுடையதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன், எழுதினால் நாகர்கோவில்காரன் வந்து அது அவன் ஹெலிகாப்டர் என்பான்.